மடங்குவது எளிது, நிற்பதுதான் கடினம்

இரவு பத்து மணிக்கு மேல் சென்னையின் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போனால், சாலையோரத்தில் தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். சக்கரத்தின் ஊடே ஒரு சங்கிலி, அதை மின்கம்பத்தோடு சேர்த்து ஒரு பூட்டு. வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். வண்டி போக முடியாது. ஆறடி நீளம், மூன்றடி அகலமுள்ள சாமானை நான்கடிச் சந்துக்குள் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது? அதனால் அது மழையில் நனைகிறது, துருப்பிடிக்கிறது, சமயத்தில் ஒரு சக்கரத்தையும் பறிகொடுக்கிறது.

அதே அம்பத்தூரில் இன்னொரு காட்சி. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஃபிளாட் வாசலில் நிற்கும் இளைஞர். ஒரு கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. ஒரு குடியிருப்பில் நான்கு வீட்டுக்கு கேன் போட வேண்டுமென்றால் 80 கிலோவைத் தெருமுனையிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். மினி வேன் உள்ளே வராது, தள்ளுவண்டியை மினி வேனில் ஏற்ற முடியாது.

இந்த இருவருக்கும் பொதுவாகத் தேவைப்படுவதைச் சொல்லிவிடலாம். விரித்தால் 100 கிலோ தாங்கும் வண்டி. ஆள் பக்கத்தில் நடந்தால் போதும், மோட்டார் இழுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மடக்கினால் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரே ஆள் தூக்கி ஷேர் ஆட்டோவிலோ, ஆவடி ரயிலின் வெண்டர் பெட்டியிலோ ஏற்ற முடிய வேண்டும். சொல்வதற்கு நாலு வரி. செய்யப் போனால் நாலும் ஒன்றோடொன்று சண்டை போடும். அந்தச் சண்டைதான் இந்த அத்தியாயம்.

மடக்கும் யோசனை புதிதல்ல. 1936இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மன், ஒரு மடக்கு நாற்காலியைப் பார்த்து, அதன் இருக்கையில் கூடை வைத்து, காலில் சக்கரம் மாட்டினால் என்ன என்று யோசித்தார். இன்று சூப்பர் மார்க்கெட்டில் நாம் தள்ளும் வண்டியின் மூதாதை அதுதான். (வாடிக்கையாளர்கள் முதலில் தொட மறுத்தார்கள். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கவைத்துத்தான் பழக்கினார்.) அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சுரங்க விபத்தில் கால்கள் செயலிழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளர், காருக்குள் ஏறாத தன் சக்கர நாற்காலியோடு மல்லுக்கட்டி அலுத்து, நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து பெருக்கல் குறிபோலக் குறுக்குக் கம்பிகள் வைத்த மடக்கு நாற்காலியைச் செய்தார். நம் அரசு மருத்துவமனை வராந்தாக்களில் இன்றும் ஓடுவது ஏறக்குறைய அதே வடிவம். 1965இல் பிரிட்டனில் ஓவன் மெக்லாரன், பேத்தியின் தள்ளுவண்டிக்கு குடை மடங்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குச் சக்கரக் கால்கள் வடிவமைத்தவர்; பறக்கும்போது மடங்கி, இறங்கும்போது விறைத்து நிற்க வேண்டிய கால்கள். அவருடைய குழந்தை வண்டி மூன்று கிலோகூட இல்லை.

மோட்டாரும் மடிப்பும் சேர்ந்தபோது கதை அவ்வளவு இனிக்கவில்லை. 1981இல் ஹோண்டா, தன் சிட்டி காரின் பின்பெட்டிக்குள் வைக்கும்படி மோட்டோகாம்போ என்ற மடக்கு ஸ்கூட்டரை விற்றது. கைப்பிடி, இருக்கை, கால்மிதி எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் எடை 40 கிலோவுக்கு மேல். மடக்க ஒரு நிமிடம், தூக்க இரண்டு ஆள். 1983இலேயே உற்பத்தி நின்றது. 40 ஆண்டுகள் கழித்து 2023இல் அதே நிறுவனம் மோட்டோகாம்பாக்டோ என்று மின்சார வடிவத்தைக் கொண்டுவந்தபோது எடை 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இடைப்பட்ட காலத்தில் மடிப்பில் பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. மாறியது மோட்டாரும் பேட்டரியும்தான்.

இனி மடிப்பின் கணக்குக்கு வருவோம். நான்கு கம்பிகளை நான்கு மூலையிலும் கீல் போட்டு இணைத்துச் சதுரமாக வையுங்கள். விரலால் தள்ளினால் சாய்ந்து படுத்துவிடும். மூன்று கம்பிகளை முக்கோணமாக இணையுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. இதை எண்ணாகச் சொல்ல ஒரு வாய்பாடு உண்டு. ஜெர்மானியப் பொறியாளர் குரூப்லர் பெயரில் வழங்குகிறது. கம்பிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து மூன்றால் பெருக்குங்கள். அதிலிருந்து கீல்களின் எண்ணிக்கையை இரட்டித்துக் கழியுங்கள். சதுரத்துக்கு ஒன்பதில் எட்டு போக ஒன்று. முக்கோணத்துக்கு ஆறில் ஆறு போக பூஜ்யம். ஒன்று என்றால் ஒரு வகையில் அசையலாம் என்று பொருள். பூஜ்யம் என்றால் அசைய வழியே இல்லை.

மடக்கு வண்டி வீட்டில் ஒன்றாகவும் தெருவில் பூஜ்யமாகவும் இருக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டு பிறவி எடுக்கிறது. அந்த ஒன்றைப் பூஜ்யமாக்குவது பூட்டு. வந்து போகும் ஒரு மூலைவிட்டக் கம்பிதான் பூட்டு என்றுகூடச் சொல்லலாம். மடக்கு வண்டி வடிவமைக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் எப்படி மடக்குவது என்பதில் மூன்று மாதமும், எப்படிப் பூட்டுவது என்பதில் கடைசி மூன்று நாளும் செலவிடுகிறார்கள். என் கணக்கில் இது தலைகீழாக இருக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அதில் தாழ்ப்பாள் இல்லை, திருகு இல்லை. உட்கார்ந்தால் நம் எடையே கால்களை அகட்டி, இருக்கையின் அடியிலுள்ள கம்பியை அதன் தடையில் அழுத்துகிறது. எடை கூடக்கூடப் பிடிப்பும் கூடுகிறது. எழுந்த பிறகுதான் மடக்க முடியும். எவரெஸ்டின் சக்கர நாற்காலியும் இதே குணம் கொண்டது. சுமையே பூட்டை இறுக்க வேண்டும், அவிழ்க்கக் கூடாது என்பது முதல் விதி. விலை மலிவாகக் கிடைக்கும் பல மடக்கு டிராலிகளில் தட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் கொக்கி மட்டும் இருக்கும்; சுமை முழுவதும் அந்தக் கொக்கியைத் திறக்கும் திசையிலேயே தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும்.

சுமையின் உதவி கிடைக்காத இடங்களும் உண்டு. கைப்பிடியை ஒரு நிமிடம் தள்ளுகிறோம், அடுத்த நிமிடம் இழுக்கிறோம். விசை திசை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே தேவைப்படும் பூட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கம். வெல்டிங் ஜிக்கில் வேலையைப் பிடித்து வைக்க டாகிள் கிளாம்ப் என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். கைப்பிடியை அழுத்தும்போது மூன்று கீல்கள் ஒரே நேர்கோட்டுக்கு வரும். அந்தக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டியதும் டக்கென்று உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் எவ்வளவு தள்ளினாலும் இன்னும் இறுகுமே தவிர விடாது. விடுவிக்க வேண்டுமானால் கைப்பிடியைத்தான் தூக்க வேண்டும். வண்டியின் கைப்பிடிக்கு இதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியவில்லை. இதோடு ஒரு பாதுகாப்புக் கொக்கியும் வைத்துவிட்டால் நிம்மதி.

பூட்டு சரியாக இருந்தும் வண்டி லொடலொட என்று ஆடலாம். அது கீலின் குற்றம். பட்டறையில் இதை ‘பிளே’ என்பார்கள், அல்லது வெறுமனே ஆட்டம். கீலின் பின்னுக்கும் துளைக்கும் நடுவே 0.2 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கே தெரியாது. கீலின் அகலம் 30 மி.மீ., கைப்பிடி 900 மி.மீ. உயரம். 0.2 மி.மீ. ஆட்டம் மேலே போகும்போது முப்பது மடங்காகிறது: கைப்பிடி 6 மி.மீ. ஆடும். கீல் இரண்டு என்றால் இரண்டு ஆட்டமும் கூடும். கீலை 60 மி.மீ. அகலமாக்கினால் ஆட்டம் பாதியாகும். எடை கொஞ்சம் ஏறும். அதனால்தான் ஐந்து இடத்தில் மடங்கும் வண்டியை யாராவது பெருமையாகக் காட்டினால், நான் முதலில் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு மடிப்புக்கும் ஆட்டம், எடை, காசு என்று மூன்று விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மெல்லிய குழாயில் நேராகத் துளை போட்டு போல்ட் மாட்டுவது இன்னொரு பிழை. ஒரு மி.மீ. சொச்சம் தடிமனுள்ள சுவரின் விளிம்பு முழுச் சுமையையும் தாங்க வேண்டும். சில மாதங்களில் துளை நீள்வட்டமாகிவிடும். துளையைப் பெரிதாக்கி, லேத்தில் கடைந்த ஒரு புஷ்ஷைக் குழாயின் குறுக்கே செருகி வெல்டு வைத்து, கடைசியில் துளையைச் சீராக்கும் ரீமர் ஓட்டி அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. வெல்டிங் சூட்டில் புஷ் கோணிக்கொள்ளும் என்பதால் ரீமர் கடைசியில்தான் வர வேண்டும். இதைத் தொழிற்பேட்டையில் எந்த லேத்காரரிடமும் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் ரீமர் குறிக்காமல் கொடுத்தால் அவரே கேட்பார்.

குழாய் என்றதும் ஆவடிக்குப் போகாமல் இருக்க முடியாது. 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, தொழிற்சாலை அம்பத்தூரில். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் அங்கிருந்து வந்தன. சைக்கிள் என்பது பெரும்பாலும் குழாய். அந்தக் குழாய்க்காக 1955இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது 1964இல். அதாவது தொழிற்பேட்டைக்கு முன்பே இந்த வட்டாரத்துக்குக் குழாய் வளைக்கத் தெரியும். மடக்கு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தேடினாலும் கிடைக்காது.

எந்தக் குழாய் எடுப்பது? பழைய வழக்கப்படி ஓர் அங்குல விட்டம், 1.6 மி.மீ. தடிமன் என்று கேட்கலாம். மீட்டருக்கு ஏறத்தாழ 940 கிராம். அதற்குப் பதில் 32 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன் எடுத்தால் மீட்டருக்கு 910 கிராம்தான். ஆனால் வளையாமல் நிற்கும் திறன் 60 விழுக்காடு அதிகம். காரணம், குழாயின் விறைப்பு தடிமனோடு ஒரு மடங்காகவும் விட்டத்தோடு மும்மடிப் பெருக்கமாகவும் ஏறுகிறது. இரும்பை நடுவிலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளினால் அதே இரும்பு அதிகம் உழைக்கிறது. இதற்கு எல்லை உண்டு: சுவர் ரொம்ப மெலிந்தால் ஆட்டோவில் ஏற்றும்போது நசுங்கிவிடும், நசுங்கிய இடத்தில் மடிந்துவிடும்.

அலுமினியம் வைக்கலாமே என்பார்கள். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. பெரிய விட்டத்தில் எடுத்தால் லாபம் உண்டு. ஆனால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு சாயங்காலம் கீல் விட்டுப்போனால், இரும்பு என்றால் பக்கத்துப் பட்டறையில் சி.ஓ.டூ வெல்டிங்கில் பத்து நிமிட வேலை. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வைத்திருக்கும் ஆளைத் தேட வேண்டும். காய்கறி விற்கிறவரின் வண்டிக்கு நான் இரும்பின் பக்கம்தான். 1.2 மி.மீ. குழாயில் சாதாரண ஆர்க் வெல்டிங் பிடித்தால் ஓட்டை விழும் என்பதை மட்டும் வண்டியிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

சக்கரத்தில்தான் சண்டை முற்றுகிறது. மடிப்புக்குச் சின்னச் சக்கரம் வேண்டும். நம் சாலைக்குப் பெரிய சக்கரம் வேண்டும். ஓர் அங்குல உயரத் தடையை எடுத்துக்கொள்வோம்: பள்ளத்தின் விளிம்பு, பெயர்ந்த ஸ்லாப், எதுவானாலும் சரி. சக்கரத்தின் மேல் 30 கிலோ எடை இருக்கிறது. விமான நிலைய டிராலியில் இருப்பதுபோல் 10 செ.மீ. விட்டச் சக்கரம் என்றால், அந்தத் தடையில் ஏற ஏறத்தாழ 52 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ள வேண்டும். எடையைவிட ஏற்றும் விசை அதிகம். அதைத் தள்ளுவதைவிடத் தூக்கி வைப்பது சுலபம். 30 செ.மீ. சக்கரத்துக்கு 20 கிலோ போதும். 60 செ.மீ.க்கு 13 கிலோ. தள்ளுவண்டிக்காரர்கள் சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொண்டது சும்மா இல்லை. இந்தக் கணக்கைத் தோள் வலியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பாடியிலிருந்து திருவள்ளூர் போகும் சி.டி.எச். சாலையின் ஓரத்தை நினைத்துக்கொண்டால் பத்து சென்டிமீட்டர் சக்கரத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். குழந்தை சைக்கிளுக்கு வரும் 12 அங்குல டயர், ஏறத்தாழ 30 செ.மீ., காற்றடைத்தது: இதுதான் நடுநிலை. ட்யூப், டயர் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மடக்கும்போது சக்கரம் இடத்தை அடைக்காமல் இருக்க, விளையாட்டுச் சக்கர நாற்காலிகளில் உள்ளதுபோல் நடுவில் பொத்தானை அழுத்தினால் அச்சோடு கழன்று வரும்படி செய்யலாம். கழற்றுவதும் மடிப்பின் ஒரு வகைதான். கீல் இல்லாததால் ஆட்டமும் குறைவு.

மோட்டார் எவ்வளவு பெரிதாக வேண்டும்? பலரும் நினைப்பதைவிடச் சிறியது போதும். சுமை 100 கிலோ, வண்டி 20 கிலோ, ஆக 120. சுமாரான சாலையில் உருளும்போது எதிர்க்கும் விசை எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. சுமார் 24 நியூட்டன். மணிக்கு 4 கி.மீ. நடை வேகத்தில் இதற்கு 26 வாட் போதும். ஒரு பழைய குண்டு பல்பைவிடக் குறைவு. சமதளத்தில் மனிதனே சிரமமில்லாமல் தள்ளிவிடுவான். மோட்டார் தேவைப்படுவது சரிவில்தான். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது சக்கர நாற்காலிக்கு வைக்கும் சாய்தளத்தில், மேலும் 98 நியூட்டன் சேர்ந்து 122 ஆகிறது. திறன் 135 வாட். வீணாவதையும் கிளம்பும்போது வேண்டிய உந்தலையும் சேர்த்தால் 250 வாட் மோட்டார் தாராளம். தற்செயலாக நம் மத்திய மோட்டார் வாகன விதிகளும் 250 வாட்டில்தான் கோடு போட்டிருக்கின்றன: அதற்குக் குறைந்த திறன், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாத எடை ஆகியவை சேர்ந்திருந்தால் அந்த மின்வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை.

பட்டறையில் பரிசோதனை செய்பவர்கள் முதலில் கை வைப்பது கார் வைப்பர் மோட்டாரில். பாடியில் 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் லூகாஸ் டி.வி.எஸ். இதுபோன்ற மோட்டார்களுக்குப் பெயர்பெற்றது. பழைய மோட்டார் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். நிமிடத்துக்கு 45, 65 சுற்று என்று இரண்டு வேகம். நம் 30 செ.மீ. சக்கரம் நடை வேகத்தில் சுற்ற வேண்டியது ஏறத்தாழ 70 சுற்று. பொருத்தம் ஆச்சரியப்படுத்தும். அதன் உள்ளே இருக்கும் வார்ம் கியர் சரிவில் வண்டியைத் தானாகப் பின்வாங்க விடாது என்பதும் ஓர் அனுகூலம். ஆனால் அந்தக் கியரிலேயே ஆற்றலில் பாதி வரை சூடாகப் போகிறது. மேலும், பேட்டரி தீர்ந்தால் வண்டியைத் தள்ளவும் முடியாது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். கல்லூரி ப்ராஜெக்டுக்குச் சரி. தினசரிப் பிழைப்புக்குச் சரிப்படாது.

மின்சைக்கிளில் வரும் கியர் வைத்த ஹப் மோட்டார் இதற்கு நேர் எதிர். சக்கரத்துக்குள்ளேயே அடங்கிவிடும், பேட்டரி இல்லாவிட்டாலும் சுலபமாகத் தள்ளலாம். ஆனால் சரிவில் தாங்கிப் பிடிக்காது. எனவே மின்சாரம் நின்றதும் தானாகப் பிடிக்கும் பிரேக் ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சக்கர நாற்காலிகளில் இருப்பது இதுதான். 100 கிலோ தண்ணீர் கேனோடு வண்டி அடுக்ககத்தின் சாய்தளத்தில் பின்னோக்கி ஓடினால் யார் குறுக்கே நிற்பார்கள் என்று யோசித்தால் பிரேக் செலவு அதிகமாகத் தெரியாது.

மோட்டாரை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதும் சாதாரணக் கேள்வி அல்ல. ஈரமான தரையில் ரப்பரின் பிடிப்பு எடையில் 0.4 பங்கு என்று கொண்டால், 122 நியூட்டனைத் தரைக்குக் கொடுக்க அந்தச் சக்கரத்தின் மேல் 31 கிலோவாவது அழுத்த வேண்டும். மொத்த எடையில் கால் பங்குக்கு மேல். முன்னால் திரும்பும் ஒற்றைச் சக்கரத்தில் மோட்டார் வைத்து, சுமையைப் பின்னால் ஏற்றினால், மழைநாளில் சரிவில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இரண்டு பின் சக்கரத்திலும் மோட்டார், சுமை அவற்றின் நேர் மேலே: இதுவே சரி.

பேட்டரிதான் இந்தக் கதையைச் சாத்தியமாக்கியது. வீணாவதையும் சேர்த்தால் நம் வண்டி சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 வாட்-மணி செலவழிக்கும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 240 வாட்-மணி. ஏற்ற இறக்கம், நின்று கிளம்புதல் எல்லாவற்றுக்கும் பாதியைக் கழித்தாலும் பத்து கிலோமீட்டர் போகும். லெட்-ஆசிட்டில் இதன் எடை ஏழெட்டு கிலோ. லித்தியத்தில் இரண்டு கிலோவுக்குள். இந்த ஆறு கிலோ வித்தியாசத்தில்தான் மடக்கு வண்டி தூக்கும் பொருளாகவோ தூக்க முடியாத பொருளாகவோ ஆகிறது.

ஏன் என்று கேட்டால், அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு ஒன்று இருக்கிறது. உடலை ஒட்டி, நல்ல நிலையில் தூக்கினால் 23 கிலோ வரை சரி என்கிறது. ஆனால் பொருள் உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப்போனால் அந்த வரம்பு நேர்பாதியாகிறது: 11.5 கிலோ. ஆட்டோவின் பின்பக்கத்திலோ ரயில் பெட்டியின் படியிலோ வண்டியை ஏற்றும்போது கை நீட்டித்தான் ஏற்றுகிறோம். ஆக ஒரு துண்டின் எடை 11 கிலோவைத் தாண்டக் கூடாது. 20 கிலோ வண்டியை எவ்வளவு அழகாக மடக்கினாலும் அது 20 கிலோதான். மடிப்பு கன அளவைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. எடையைச் சமாளிக்க ஒரே வழி பிரிப்பது: சட்டம் ஒரு கையில், மோட்டார் சக்கரங்களும் பேட்டரியும் ஒரு பையில்.

இதைச் செய்துகாட்டியவர்கள் இதே சென்னையில் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையமும், அதிலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனமும் 2021இல் நியோபோல்ட்டைக் கொண்டுவந்தன. கையால் உருட்டும் சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார், பேட்டரி, கைப்பிடி எல்லாம் அடங்கிய ஒரு பகுதியை மாட்டினால் அது மணிக்கு 25 கி.மீ. வரை சாலையில் ஓடும். கழற்றினால் மறுபடி வீட்டு நாற்காலி. மோட்டாரை மடக்க அவர்கள் முயலவில்லை, பிரித்துவிட்டார்கள். 2025இல் அதே மையம் அறிமுகப்படுத்திய ஒய்.டி. ஒன் நாற்காலி 9 கிலோ எடை. சட்டம் குறுக்கே மடங்காது. மடங்கும் கீல்களைத் துறந்ததும் அந்த எடைக்கு ஒரு காரணம். மடக்கும் யோசனையில் ஊறியவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் நாம் கற்க வேண்டியது இதைத்தான். என் யோசனையில் உருவாகும் வண்டிக்கு ஒரே ஒரு மடிப்பு: கைப்பிடி தட்டின் மேல் படுக்கும். மற்றதெல்லாம் கழலும்.

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு லாபம், மோட்டாருக்கான மின்கம்பி கீலைத் தாண்டுவதில்லை. தினம் மடங்கும் இடத்தில் ஓடும் கம்பி உள்ளுக்குள் இழை இழையாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் வண்டி நடுத்தெருவில் நிற்கும். பேட்டரி, கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார் மூன்றும் தட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும். கைப்பிடிக்குப் போவது வேகம் கூட்டும் ஒரு மெல்லிய கம்பி மட்டும். அதையும் கீலின் அச்சை ஒட்டி ஒரு சுற்றுத் தளர்வாக விட்டுக் கொண்டுபோக வேண்டும். மழைக்கு வேறு கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரம் கேட்பது இங்கே ஆடம்பரம் அல்ல. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பது அதன் பொருள். ஹப் மோட்டாரில் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் அச்சுக்குள் கம்பி நுழையும் வாயில் வழியாக. அந்தக் கம்பி அங்கிருந்து கீழ்நோக்கித் தொங்கி, பிறகு மேலே ஏறும்படி கட்டினால் வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். செலவு ஒரு கேபிள் டை.

விரல்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மெக்லாரன் பெயரில் வந்த குழந்தை வண்டிகளை 2009 நவம்பரில் அமெரிக்காவில் திரும்பப் பெற அறிவித்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் வண்டிகள். கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான சம்பவங்கள் அங்கு 12 பதிவாகியிருந்தன. தீர்வாகக் கொடுக்கப்பட்டது கீலை மூடும் ஓர் உறை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமெங்கும் புகழப்பட்ட வடிவமைப்பில் ஓர் உறையை யோசிக்காமல் விட்டிருந்தார்கள். கத்தரிபோல் குறுக்கே மூடும் எந்தக் கீலுக்கும் உறை வேண்டும், அல்லது விரல் நுழையாத அளவு நெருக்கமோ விரல் நசுங்காத அளவு இடைவெளியோ வேண்டும். காய்கறி வண்டியைச் சுற்றி எப்போதும் பிள்ளைகள் நிற்பார்கள்.

நீங்கள் மடக்கு டிராலியோ மடக்கு மின்வண்டியோ வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையில் மடக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். அதை விற்பவர் அழகாகச் செய்வார். விரித்துப் பூட்டச் சொல்லி, தட்டின் மேல் இரண்டு தண்ணீர் கேனை ஏற்றுங்கள். கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் நன்றாகக் குலுக்குங்கள். பிறகு சுமை இருக்கும்போதே பூட்டை ஒரு விரலால் திறந்து பாருங்கள். திறந்துகொண்டால் அந்த வண்டி வேண்டாம்.